ஞானப்பல்லை அகற்றுதல்: முன்னும் பின்னும்

மனிதனுக்கு அமையும் 32 பற்களுள் இறுதியாக வந்து சேர்வன நான்கு. மேல்தாடையின் இரு ஓரங்களிலும் கீழ்த்தாடையின் இரு ஓரங்களிலும், வரிசையின் கடைக்கோடியில், பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் இவை முளைக்கின்றன. பிள்ளைப் பருவம் கழிந்து அறிவு முதிரும் வயதில் தோன்றுதலின் இவற்றுக்கு ஞானப்பல் என்று பெயர். இலத்தீன் மொழியிலும் இதே பொருளுடைய பெயரே வழங்கிற்று. யப்பானியர் இதனைப் 'பெற்றோர் அறியாத பல்' என்பர். கொரியர் 'காதற்பல்' என்பர். பெயர்கள் இனியவைதாம். ஆயினும், நள்ளிரவில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு விழித்திருக்கும் ஒருவருக்கு அந்தப் பெயர்களின் இனிமை புலப்படுவதில்லை.

ஞானப்பல் ஏன் இத்துணை இடர் தருகின்றது? விடை எளிது. அது வருவதற்குள் மற்றைய 28 பற்களும் தத்தம் இடங்களில் அமர்ந்துவிடுகின்றன. கடைசியாக வந்தவனுக்குப் பந்தியில் இடமில்லாதது போல, தாடையில் போதிய இடமின்றி இப்பல் சாய்ந்தும், கிடையாகப் படுத்தும், எலும்புக்குள்ளேயே பாதி புதைந்தும் நின்றுவிடுகின்றது. ஆதிமனிதன் வேகாத கிழங்கையும் வன்மையான இறைச்சியையும் மென்று தின்றான். அவன் தாடையும் அதற்கேற்ப நீண்டிருந்தது. சமைத்து மென்மையாக்கிய உணவுக்குப் பழகிய மனிதனின் தாடை குறுகிற்று. பற்களின் தொகையோ குறையவில்லை. சிலருக்கு ஞானப்பல் ஒன்றோ இரண்டோ முளையாமலே போதலும் உண்டு.

பாதி முளைத்த பல்லின் மேல் பல்முரசின் ஒரு மடல் மூடியபடி கிடக்கும். அம்மடலின் கீழ் உணவுத் துணுக்குகள் புகுந்து தங்கும், தூரிகை அங்கே சென்றடையாது, கிருமிகள் பெருகும். முரசு சிவந்து வீங்கி, வாய் திறக்கவும் விழுங்கவும் முடியாத நோவு உண்டாகும். இரண்டொரு நாளில் அது தணியும்; சில மாதங்களில் மீண்டும் வரும். இதற்கிடையே முன்னுள்ள நல்ல பல்லும் சொத்தையாவதுண்டு.

எனினும், ஞானப்பல் என்றாலே பிடுங்கி எறிய வேண்டும் என்பது தவறு. நேராக முளைத்து, நோயின்றி, துலக்குவதற்கு எட்டும் பல்லை அப்படியே விட்டுவிடலாம். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவைக்கென 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட வழிகாட்டலும், நோயற்ற ஞானப்பற்களை வருமுன் காக்கும் நோக்குடன் மட்டும் அகற்றுதல் வேண்டா என்று கூறியது. மீண்டும் மீண்டும் வரும் அழற்சி, நிரப்ப இயலாத சொத்தை, அயற்பல்லுக்குக் கேடு, தாடை எலும்பில் நீர்க்கட்டி என்பனவே அகற்றுவதற்குரிய காரணங்கள். இவற்றுள் ஒன்று இருப்பதாக வைத்தியர் கண்டபின் நாள் கடத்துவது நன்றன்று. வயது ஏற ஏற எலும்பு இறுகும். பல்லின் வேர்கள் முற்றும். அகற்றுதலும் ஆறுதலும் கடினமாகும்.

நாள் கடத்தலுக்குப் பெருங்காரணம் அச்சமே. ஒரு காலத்தில் அவ்வச்சத்துக்குப் போதிய நியாயம் இருந்தது. நோயாளியை இருவர் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் குறட்டினால் பல்லைப் பிடுங்கிய காலம் அது. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆந் திகதி, அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில், ஹொரஸ் வெல்ஸ் என்னும் பல் வைத்தியர் சிரிப்பு வாயுவைத் தாமே முகர்ந்து, தம் கடைவாய்ப்பல் ஒன்றைச் சக வைத்தியரான ஜோன் ரிக்ஸ் என்பவரைக் கொண்டு பிடுங்குவித்தார். வலி தோன்றவில்லை. 1884இல் கார்ல் கோலர் என்பார், கொக்கேயின் துளியினால் கண்ணை மரத்துப்போகச் செய்யலாம் எனக் காட்டினார். விரைவிலேயே அமெரிக்கரான வில்லியம் ஹால்ஸ்டெட் தாடை நரம்பின் அருகே அம்மருந்தை ஊசியால் ஏற்றி அப்பக்கக் கீழ்த்தாடையை விறைக்கச் செய்தார். கொக்கேயினின் தீங்குகள் இல்லாத லிக்னொக்கேயின் என்னும் மருந்தை 1943இல் சுவீடன் நாட்டு நில்ஸ் லொவ்கிரென் ஆக்கினார். இன்று உலகெங்கும் பல் வைத்தியர்கள் பெரிதும் கையாளும் விறைப்பு மருந்து அதுவே. ஆகவே, பல் பிடுங்கும் வேளையில் அழுத்தமும் அசைவும் உணரப்படுமேயன்றி, கூரிய வலி இருத்தல் ஆகாது. இருப்பின், கையை உயர்த்திக் காட்டினால் வைத்தியர் நிறுத்தி மேலும் மருந்து ஏற்றுவார்.

இனி, முன்னாயத்தம். முதலாவது, வைத்தியரிடம் உண்மையை முழுவதும் உரைத்தல். பல்லைப் பற்றி மட்டும் சொல்லி, உடலைப் பற்றிச் சொல்லாது விடுவோர் பலர். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இருதய நோய், ஆஸ்துமா, ஈரல் அல்லது சிறுநீரக நோய், முன்னர் ஊசி மருந்தால் ஏற்பட்ட ஒவ்வாமை, கருவுற்றிருத்தல் என்பன யாவும் சொல்லப்படல் வேண்டும். சிறுவயதில் வாதக்காய்ச்சல் கண்டு இருதய வாயில்கள் பழுதுற்றவர்களும், செயற்கை வாயில் பொருத்தப்பட்டவர்களும் அதனைத் தவறாது கூறுதல் வேண்டும். பல் பிடுங்கும்போது இரத்தத்தில் கலக்கும் கிருமிகள் அவ்வாயில்களில் சென்று பற்றக்கூடுமாதலால், முற்காப்பாக நுண்ணுயிர் கொல்லி மருந்து வேண்டுமா என்று வைத்தியர் ஆராய்வார். எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுப்போரும் அதைச் சொல்ல வேண்டும். அத்தகைய மருந்துகள் சில தாடை எலும்பு ஆறுவதைத் தடுக்கும்.

அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின் ஆகிய, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றித் தனியே கூறல் தகும். இரத்தம் பெருகுமோ என்று அஞ்சி இவற்றைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உளர். இது பேராபத்து. பல் பிடுங்கிய இடத்தில் வரும் இரத்தத்தை அழுத்தியும் தையலிட்டும் நிறுத்தலாம். மருந்தை விட்டமையால் மூளையிலோ இருதயத்திலோ இரத்தம் உறைந்து அடைத்தால் மீட்பது அரிது. நிறுத்துவதா தொடர்வதா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

காய்ச்சல் உள்ளபோது பல் பிடுங்கப் போகலாகாது. சிறப்பாக, இலங்கையில் மழையை அடுத்து டெங்கு பரவும் மாதங்களில் இவ்விதி பொன்போற் போற்றத்தக்கது. டெங்குக் காய்ச்சலில் இரத்தம் உறைவதற்குதவும் சிறுதட்டுகள் குறைந்துபோகின்றன. அந்நிலையில் பல் பிடுங்கினால் இரத்தம் எளிதில் நிற்காது. முதலில் காய்ச்சலின் காரணம் அறியப்படல் வேண்டும்.

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தல் அடுத்தது. கீழ்த்தாடை எலும்பினூடே ஒரு நரம்பு ஓடுகின்றது. கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி தருவது அதுவே. ஞானப்பல்லின் வேர் அந்நரம்பை அடுத்திருக்கின்றதா என்பதைப் படம் காட்டும். அடுத்திருப்பின், பிடுங்கியபின் உதட்டில் மரமரப்பு சில வாரங்கள் நிற்கலாம். பெரும்பாலோர்க்கு அது நீங்கும், மிகச் சிலர்க்கு நிலைத்துவிடும். இதனை முன்னரே கேட்டறிந்து இசைவு தெரிவிப்பது நோயாளியின் உரிமை. இத்தகைய சிக்கலான பற்களை வாய், தாடை, முக அறுவைச் சிறப்பு வைத்தியரிடம் அனுப்புவதுண்டு. கொழும்பிலுள்ள தேசிய பல் வைத்தியசாலையிலும், பேராதனைப் பல் வைத்திய போதனா வைத்தியசாலையிலும், மாவட்டங்களின் பெரிய அரசாங்க வைத்தியசாலைகளிலும் பல் வைத்தியம் கட்டணமின்றிக் கிடைக்கின்றது.

குறித்த நாளில் விறைப்பு ஊசியோடு மட்டும் சிகிச்சை நடைபெறுமாயின், வழக்கம்போல் உணவருந்திப் பல் துலக்கிச் செல்லலாம். வெறும் வயிற்றோடு சென்று அச்சமும் சேர்ந்தால் மயக்கம் வருவதே மிச்சம். நீரிழிவு உள்ளோர் உணவையும் மருந்தையும் தவற விடலாகாது. முழு மயக்க மருந்து கொடுப்பதாயின் முறை வேறு. ஆறு மணி நேரத்துக்கு முன்பே திட உணவை நிறுத்திவிட வேண்டும். வைத்தியசாலை இடும் கட்டளையை அணுவும் பிசகாது பின்பற்றல் வேண்டும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வதும், கஞ்சிக்கு வேண்டியவற்றையும் வலிமருந்தையும் முன்னரே வீட்டில் வைத்திருப்பதும், இரண்டு மூன்று நாள் ஓய்வுக்கு ஒழுங்கு செய்வதும் அறிவுடைமை.

அகற்றும் செயல் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். புதைந்த பல்லாயின், முரசைச் சிறிது கீறி, மூடிய எலும்பைச் சற்றுக் களைந்து, பல்லை இரண்டு மூன்று துண்டாக்கி எடுத்து, முரசைத் தைப்பர். துண்டாக்குதல் என்றதும் திகைக்க வேண்டா. முழுதாக எடுப்பதற்குப் பெரிய பள்ளம் வேண்டும், துண்டாக எடுப்பதற்குச் சிறிய பள்ளம் போதும் என்பதே அதன் நியாயம்.

வைத்தியரின் வேலை இவ்வளவோடு முடிகின்றது. இனி எஞ்சிய வேலையைச் செய்வது எது? பல் இருந்த குழியில் ஊறி உறையும் சிறு இரத்தக் கட்டி. அதைக் காண்போர் அருவருப்பர். துப்பவும் கழுவவும் முற்படுவர். உண்மையில், விலைகொடுத்து வாங்க இயலாத மருந்து அதுவே. திறந்து கிடக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் அது போர்வைபோல் மூடுகின்றது. அதனூடே நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஊடுருவி வளர்கின்றன, மென்தசை தோன்றுகின்றது, பின் அது எலும்பாக மாறுகின்றது. பல் பிடுங்கியபின் வைத்தியர் இடும் விதிகள் பலவாகத் தோன்றினும் அவற்றுட் பெரும்பாலானவற்றின் உட்பொருள் ஒன்றே: அந்தக் கட்டியைக் கலைக்காதே. இவ்வொன்றை மனத்திற் கொண்டவர் எஞ்சிய விதிகளைத் தாமே ஊகித்துவிடலாம்.

குழியின் மேல் வைக்கப்படும் துணிச்சுருளை அரைமணி நேரம் இறுகக் கடித்திருத்தல் வேண்டும். இடையிடையே எடுத்துப் பார்ப்பது கூடாது. உமிழ்நீரில் இரத்தச் சாயல் முதல் நாள் முழுவதும் இருக்கலாம். ஒரு துளி இரத்தம் வாய்நிறைந்த உமிழ்நீரைச் செந்நிறமாக்கும். அதைத் துப்பாது விழுங்குக. இரத்தம் மீண்டும் ஊறினால் புதிய துணிச்சுருளை நனைத்துப் பிழிந்து, நிமிர்ந்து அமர்ந்து, மேலும் அரைமணி கடித்திருக்க வேண்டும். துணி இல்லாதவிடத்து, நனைத்து ஆறவைத்த தேயிலைப் பொதி ஒன்றைக் கடிப்பதும் பயன் தரும். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரத்தம் உறையத் துணைபுரிகின்றது.

முதல் 24 மணி நேரமும் வாய் கொப்பளித்தல் ஆகாது. குழலிட்டு உறிஞ்சுதலும் ஆகாது. உறிஞ்சும் விசை கட்டியைப் பெயர்த்துவிடும். இளநீரைக் கோப்பையில் ஊற்றிப் பருகுக. சுருட்டும் சிகரெட்டும் இருமடங்கு தீயன: உறிஞ்சும் விசை ஒன்று, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் நிக்கொட்டீன் மற்றொன்று. குறைந்தது மூன்று நாளும், இயலுமாயின் ஒரு வாரமும் அவற்றை விலக்குக. மதுவும் அவ்வாறே. வெற்றிலை பாக்குப் போடுவோர் சுண்ணாம்பும் பாக்குத் தூளும் குழியில் விழாதபடி, புண் ஆறும் வரை அதனை நிறுத்தல் வேண்டும். புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பாக்கு வாய்ப் புற்றுநோயை விளைப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட நூல் உறுதிப்படுத்தியுள்ளது. இரண்டு வாரம் விட்டவர் மூன்றாம் வாரம் தொடாதிருப்பின், ஒரு பல்லை இழந்து பெரும் பேறொன்றைப் பெற்றவராவர்.

விறைப்பு நீங்க இரண்டு முதல் ஐந்து மணி நேரம் செல்லலாம். அதுவரை உண்ணுதல் தகாது. உதட்டையும் நாவையும் கடித்தாலும் சுட்டாலும் தெரியாது. விறைப்பு முற்றும் நீங்குமுன்பே முதல் வலிமருந்தை எடுத்துக்கொள்வது நலம். வளர்ந்தோர் 500 மில்லிகிராம் பரசிட்டமோல் மாத்திரை இரண்டினை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். ஒரு நாளில் எட்டு மாத்திரைக்கு மேற்படலாகாது. ஈரல் நோயுள்ளோரும் உடல் எடை மிகக் குறைந்தோரும் வைத்தியர் கூறும் அளவையே கொள்ள வேண்டும். ஐபியூபுரொபென் சேர்த்தெடுத்தால் வலி நன்கு தணியும். ஆயின் வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளோர்க்கும், கருவுற்றோர்க்கும், டெங்கு ஐயப்பாடு உள்ளவிடத்தும் அது ஆகாது. அஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து முரசில் வைப்பது முரசை வெந்துபோகச் செய்யும்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டா. வீட்டு அடுக்களையில் இதற்கேற்றன நிறையவே உண்டு. ஆறிய அரிசிக் கஞ்சி, ரவைக் கஞ்சி, சொதி விட்டுக் குழைத்த இடியப்பம், குழைந்த சோறும் பருப்பும், தயிர், மசித்த வாழைப்பழம், பப்பாசி, அவித்த முட்டை என்பன தக்கவை. முதல் நாள் சுடுதேநீர் வேண்டா. முறுக்கு, கச்சான், பொரித்த அப்பளம் முதலியவற்றின் துகள்கள் குழியில் புகுமாதலால் ஒரு வாரத்துக்கு அவற்றை விலக்குக. கூரிய காரமும் அவ்வாறே. உண்ணாமல் கிடப்பது புண்ணை ஆற்றாது. நீரும் உணவும் போதிய அளவு சென்றால்தான் உடல் தன் வேலையைச் செய்யும்.

இரண்டாம் நாள் தொடக்கம், ஒரு குவளை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, உணவுக்குப் பின்னும் உறங்கப் போகுமுன்னும் மெல்ல வாயில் வைத்திருந்து வழியவிடுதல் வேண்டும். கடகடவெனக் கொப்பளித்து உரத்துத் துப்புதல் கூடாது. மற்றைய பற்களை முதல் நாளிரவே துலக்கலாம். குழியின் பக்கம் மட்டும் தூரிகை அணுகாதிருக்கட்டும். முதல் நாள் கன்னத்தின் மேல் துணியிற் சுற்றிய பனிக்கட்டியை இருபது நிமிடம் வைத்தும் இருபது நிமிடம் எடுத்தும் வந்தால் வீக்கம் அடங்கும். தலையணையைச் சற்று உயர்த்தி உறங்குதலும் உதவும்.

வீக்கம் மறுநாள் கூடுதலாக இருப்பது கண்டு பலர் கலங்குவர். அது இயல்பே. இரண்டாம், மூன்றாம் நாள்களில் உச்சமடைந்து பின் வற்றும். வாய் முழுதும் திறவாமை ஒரு வாரம் வரை நிற்கலாம். கன்னத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கன்றுதலும் மறையும். தையல் நூல் தானே கரைவதாயின் கரையும். அன்றேல் ஒரு வாரத்தில் வைத்தியர் எடுப்பார். முரசு மூடுவதற்கு மூன்று நான்கு வாரமும், குழி எலும்பால் நிரம்புவதற்குப் பல மாதங்களும் செல்லும்.

நோவு நாளுக்கு நாள் குறைந்து வருதல் வேண்டும். குறைந்து வந்த நோவு மூன்றாம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ திடீரெனக் கூடி, காதுவரை பரவி, வாயில் துர்நாற்றமும் வீசுமாயின், இரத்தக் கட்டி கரைந்தோ பெயர்ந்தோ எலும்பு வெறுமையாகி விட்டது என்று கொள்ளலாம். இதனை 'உலர்குழி' எனலாம். 1896இல் கிரோபோர்ட் என்பார் இதனை விவரித்தார். கீழ் ஞானப்பல் பிடுங்கியோர்க்கே இது மிகுதியாக வருகின்றது. புகைப்போர்க்கும், கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் வாய்ப்புக் கூடுதல். இது உயிருக்கு ஊறு செய்வதன்று, ஆயின் பொறுத்தற்கரியது. வலிமருந்தை மேலும் மேலும் விழுங்குவதில் பயனில்லை. வைத்தியரிடம் சென்றால் குழியைக் கழுவி மருந்துத் திரி வைப்பார். நோவு விரைவில் தணியும். அத்திரியிற் பெரும்பாலும் இருப்பது கராம்பு எண்ணெய் என்பது பலர்க்கு வியப்பளிக்கும். பல்லுக்கொதிக்குக் கராம்பு வைத்த பாட்டிமார் பொருளற்றதைச் செய்யவில்லை. எனினும் கராம்பையோ அதன் பொடியையோ குழிக்குள் தாமே திணிப்பது தீங்காகும்; கழுவாத குழிக்குள் அது கிருமியைப் பூட்டிவைத்தல் போலாம்.

இறுதியாக, உயிரோடு தொடர்புடைய ஒரு செய்தி. அழுத்திக் கடித்தும் நில்லாத இரத்தம், மூன்று நாளின் பின்னும் வளரும் வீக்கம், காய்ச்சலும் நடுக்கமும், சீழ் வடிதல் என்பவற்றுள் எது காணினும் அன்றே வைத்தியரை நாட வேண்டும். நாவின் கீழும் நாடியின் கீழும் பலகைபோல் வீங்கி, எச்சிலை விழுங்க இயலாமலும், பேச்சுக் குழறியும், மூச்சு முட்டியும் வந்தால், விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. அக்கணமே பெரிய வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். ஞானப்பல்லின் நஞ்சு தொண்டைவரை இறங்கி மூச்சுக் குழலை நெருக்கும் நோய் அது. ஜேர்மானிய வைத்தியரான லுட்விக் 1836இல் இதனை விவரித்தபோது, இது பெரும்பாலும் உயிரைக் கொண்டுசென்றது. நுண்ணுயிர் கொல்லி மருந்தும் அறுவையும் கைவந்த இந்நாளில் உரிய வேளையிற் சென்றோர் பிழைக்கின்றனர். இந்நோய் பல் பிடுங்கியபின் மட்டும் வருவதன்று. பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்காது மாதக்கணக்காகத் தள்ளிவைப்போர்க்கும் வரும்.

ஞானப்பல்லை அகற்றுவதில் வைத்தியரின் பங்கு ஒரு மணி நேரம். நோயாளியின் பங்கு ஒரு வாரம். இயற்கையின் பங்கு சில மாதங்கள். வைத்தியரிடம் உண்மையை மறைக்காமலும், இயற்கை இட்ட சிறு இரத்தக் கட்டியைக் கலைக்காமலும் இருப்பவர் தம் பங்கைச் செம்மையாகச் செய்தவராவர். எஞ்சியதைக் காலம் செய்துகொள்ளும்.